பகா எண்களை வரிசையாகப் பெருக்கினால் வரும் எண்ணுக்குப் பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

2-இல் தொடங்கிப் பகா எண்களை வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போனால் 2, 6, 30, 210, 2310, 30030 என்று வரும். 23 வரை போனால் 22,30,92,870. இத்தகைய எண்ணுக்கு 1987-இல் ஹார்வி டப்னர் 'பிரைமோரியல்' என்று பெயர் வைத்தார். பிரைமையும் (பகா எண்) ஃபேக்டோரியலையும் (1 முதல் ஓர் எண் வரை எல்லா முழு எண்களையும் பெருக்குவது) ஒட்டிய சொல். தமிழில் 'பகாப்பெருக்கம்' என்று சொல்லலாமா? உங்கள் கருத்து வேண்டும்.

*

வணக்கம் ஐயா.

சொல் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. 'பகா' என்பது ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பகா எண் என்றால் பகாத எண். அதே கணக்கில் பகாப்பெருக்கம் என்றால் பகாத பெருக்கம் என்றுதான் படிப்பவர் கொள்வார். நீங்கள் சொன்ன 22,30,92,870 அதற்கு நேர் எதிர். ஒன்பது வெவ்வேறு பகாக் காரணிகள் கொண்ட எண்களில் இதுதான் மிகச் சிறியது. ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் வகுஎண்கள் 2-இன் ஒன்பதாம் அடுக்கு, அதாவது 512. இவ்வளவு தாராளமாக வகுபடும் எண்ணின் பெயரில் 'பகாத' என்ற பொருள் தொனிக்கலாமா?

'பகாவெண் பெருக்கம்' என்று மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் 3 × 7-உம் பகாவெண் பெருக்கம்தானே? இடையில் ஒன்றுகூட விடுபடக் கூடாது என்பதுதான் இங்கே உயிர்நாடி. 2010-இல் 26 பகா எண்கள் கொண்ட கூட்டுத்தொடர் ஒன்று முதன்முதலாகக் கிடைத்தது. அதன் முதல் உறுப்பு 43142746595714191. பொது வித்தியாசம் 22,30,92,870-இன் 2,36,81,770 மடங்கு. இந்த மடங்கு தற்செயலாக அமைந்ததல்ல. பொது வித்தியாசம் 23-ஆல் வகுபடாவிட்டால், அடுத்தடுத்த எந்த 23 உறுப்புகளை எடுத்தாலும் அவற்றில் ஒன்று 23-இன் மடங்காகிவிடும். 19, 17, 13 என எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒரு பகா எண்ணை விட்டுவிட்டாலும் இவ்வளவு பெரிய எண்களில் தொடர் உடைந்துபோகும்.

அதனால் 'தொடர்' என்ற சொல் உள்ளே வந்தே தீர வேண்டும். என் பரிந்துரை: பகாவெண் தொடர்பெருக்கம். ஃபேக்டோரியலைக் காரணீயப் பெருக்கம் என்பதோடு தொடர்பெருக்கம் என்றும் எழுதுகிறோம். ஆகவே உறவும் பெயரிலேயே தெரியும். கொஞ்சம் நீளம்தான், இருக்கட்டும். சமன்பாட்டில் எப்படியும், 23 வரையான பகா எண்களின் பெருக்கத்துக்கு 23# என்ற குறியீடுதானே வரப்போகிறது.

*

தொடர்பெருக்கத்துக்கே என் ஆதரவும். பகா எண்களுக்கு முடிவில்லை என்ற யூக்ளிட்டின் நிறுவலைச் சொல்லிக்கொடுக்கும்போது, இந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் எப்போதும் பகா எண் வரும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 2311 வரை அது சரியாகவே வரும்; அடுத்தது 30031 = 59 × 509. பெயரிலும் 'பகா'வும் 'பெருக்க'மும் ஒட்டி நின்றால் குழப்பம் இன்னும் கூடும்.

ஒன்றை மட்டும் இப்போதே முடிவுசெய்துகொள்வோம். '9-இன் பகாவெண் தொடர்பெருக்கம்' என்று எழுதினால் முதல் ஒன்பது பகா எண்களா, 9 வரை உள்ளவையா என்று தெரியாது. முன்னது 22,30,92,870, பின்னது வெறும் 210. 'முதல் 9 பகா எண்களின் தொடர்பெருக்கம்', '9 வரையான பகாவெண் தொடர்பெருக்கம்' என்று பிரித்தே எழுதுவோம். '-இன்' உருபை எண்ணோடு சேர்க்கவே வேண்டாம்.