பல்கலைக்கழகக் கண்காட்சி, சொற்பொழிவு, திரையிடல்: ஊர் மக்களை உள்ளே அழைப்பது எப்படி?

கேள்வி: வரலாற்றுத்துறை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். காவிரிக் கரை மாவட்டம் ஒன்றிலுள்ள பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிக்கிறேன். பொங்கல் விடுமுறை முடிந்ததும் எங்கள் துறை மூன்று நாள் நிகழ்ச்சி ஒன்றை நடத்த இருக்கிறது. நூலகத்திலுள்ள ஓலைச்சுவடிகளிலிருந்தும் பழைய அச்சு நூல்களிலிருந்தும் நாற்பது உருப்படிகளைத் தேர்ந்து கண்காட்சியாக வைக்கிறோம். கொல்லத்தில் 1578-இல் அச்சான 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி, தரங்கம்பாடி அச்சகத்தில் 1715-இல் வெளிவந்த புதிய ஏற்பாடு வரை, தமிழ் அச்சின் முதற்கட்டத்தைப் பற்றி ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவும் உண்டு. மாலை வேளைகளில் பழைய தமிழ்ப் படம் ஒன்றையும் ஆவணப்படம் ஒன்றையும் திரையிட விரும்புகிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் அழைப்பிதழின் அடியில் 'அனைவரும் வருக' என்று அச்சிடுகிறோம். ஆனால் சென்ற ஆண்டு முற்பகல் 11 மணிக்கு நடந்த சொற்பொழிவில், வகுப்புகளிலிருந்து வரிசையாக அழைத்து வரப்பட்ட மாணவர்களைத் தவிர, ஊரிலிருந்து வந்தவர்கள் நால்வர் மட்டுமே. இந்தச் சுவடிகளில் பெரும்பாலானவை சுற்றுவட்டார வீடுகளின் பரண்களிலிருந்து இறக்கிக் கொடுக்கப்பட்டவை. கொடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே அவற்றைப் பார்த்ததில்லை என்பது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது.

ஓலைகளை மூன்று நாள் வெளியில் வைப்பதால் சேதம் வருமா, வெளியாட்கள் முன் படம் திரையிட என்னென்ன அனுமதி வேண்டும், மக்கள் உண்மையாகவே வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: சுவடிப் பாதுகாப்புப் பணியாளர்

பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். மூன்று நாள் வைப்பதால் ஓலைக்குக் கேடு வராது. எப்படி வைக்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் வெளிச்சம். ஓலை, காகிதம் போன்றவற்றின் மேல் விழும் ஒளி 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவைத் தாண்டக்கூடாது என்பது அருங்காட்சியகங்களில் பொதுவாகப் பின்பற்றப்படும் வரையறை. நாம் வகுப்பறையில் எரிக்கும் குழல் விளக்குகளின் வெளிச்சமே இதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே சன்னல்களுக்குக் கனத்த திரை போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எதையும் வைக்காமல், வெளியே சற்றுத் தொலைவிலிருந்து மங்கலான ஒளி விழச் செய்யுங்கள். உள்ளே நுழைபவர்களின் கண் பழகச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், வாசலை அடுத்த முதல் பகுதியில் விளக்கப் பலகைகளை வைத்துவிட்டு, சுவடிகளை உள்ளே தள்ளி வைப்பது நல்லது.

இரண்டாவது குளிர்சாதனம். பகல் முழுவதும் ஓடவிட்டு இரவில் நிறுத்துவதைக் காட்டிலும் அதை இயக்காமலே இருப்பது மேல். காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது ஓலை சுருங்கி விரியும்; கயிறு கோத்த துளையைச் சுற்றி விரிசல் முதலில் தோன்றுவது அப்படித்தான். கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள். சுவடியை விசிறிபோல விரித்து வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று யாரேனும் சொன்னாலும் இசைய வேண்டாம். அந்த நிலையில் ஓலைகளின் எடை முழுவதும் துளையின் விளிம்பில் விழுகிறது. எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவதாக இருந்தால் சில வாரங்களுக்கு முன்பே பூசி, நன்றாக உலர்ந்த பிறகு பெட்டியில் வையுங்கள்.

இவற்றைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கண்ணாடிக்குள் ஓலை இருக்கும், அருகில் நூலின் பெயர், சுவடி எண், காலம் என மூன்று வரி இருக்கும். வருபவர் குனிந்து பார்த்து, ஒன்றும் விளங்காமல் நகர்ந்துவிடுவார். தமிழ் தெரிந்தவர்க்கே தமிழ்ச் சுவடி படிக்க வராத காரணம் எளியது. எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை; எகரத்தின் குறிலுக்கும் நெடிலுக்கும், ஒகரத்தின் குறிலுக்கும் நெடிலுக்கும் வடிவ வேறுபாடு இராது; காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும்; சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. ஓர் ஓலையிலிருந்து ஒரே ஒரு வரியை முழம் நீளத்திற்குப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி, அதன்கீழ் எழுத்துக்கு எழுத்து நேராக இன்றைய வடிவத்தை எழுதிப் பாருங்கள். ஒருமுறை நாங்கள் அப்படிச் செய்தபோது, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, கீழ் வரியையும் மேல் வரியையும் மாறி மாறிப் பார்த்து, விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு அரை மணி நேரம் படித்தாள். அதன்பின் கண்ணாடிப் பெட்டியருகே ஓடிப்போய், உள்ளே இருந்த உண்மையான ஓலையில் தனக்குத் தெரிந்த இரண்டு எழுத்துகளைத் தாய்க்குக் காட்டினாள். நாற்பது உருப்படிகள் அதிகம் என்று நினைக்கிறேன். பதினைந்தை வைத்து, ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வரியைத் தயார் செய்தால் போதும்.

சுவடியைக் கொடுத்த குடும்பத்தின் ஊர்ப்பெயரை, அவர்கள் சம்மதித்தால், அட்டையில் குறிப்பிடுங்கள். அந்த ஊர்க்காரர்கள் நிச்சயம் வருவார்கள்.

மறுமொழி 2: திரைப்படச் சங்கப் பொறுப்பாளர்

திரையிடல் பற்றி மட்டும் சொல்கிறேன். கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் பகுதி இது.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு தருகிறது. நிறுவனத்தின் பணிகளின் ஒரு பகுதியாகப் படம் காட்டினால் உரிமையாளரின் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் பார்வையாளர்கள் யார் என்பதை அதே பிரிவு வரையறுத்துவிடுகிறது: ஆசிரியர்கள் உள்ளிட்ட பணியாளர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர் அல்லது பாதுகாவலர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள். நீங்கள் வாயிலைத் திறந்து ஊர் மக்களை அழைக்கும் நொடியில் அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகிறது. கட்டணம் வாங்கவில்லை என்பது இதற்கு விடையாகாது. கடையில் வாங்கிய குறுந்தட்டோ இணையவழித் திரைத்தளத்தின் சந்தாவோ வீட்டில் பார்க்கும் உரிமையை மட்டுமே தருகிறது.

ஆகவே உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டறிந்து எழுத்துவழி அனுமதி பெறுங்கள். இந்தியாவில் ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1950-களில் வெளிவந்த படங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. எனினும் கதை, பாடல், இசை ஆகியவற்றின் உரிமை ஆக்கியவரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் தொடர்வதால், பழைய படம் என்றாலே தடையில்லை என்று எண்ணிவிட வேண்டாம். நல்ல பிரதி வேண்டுமானால் புனேயில் 1964-இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திற்குத் துறைத்தலைவர் கையொப்பத்துடன் எழுதுங்கள். பல வாரங்களுக்கு முன்பே எழுதிவிட வேண்டும்.

அடுத்தது தணிக்கைச் சான்றிதழ். பொதுமக்கள் முன் காட்டும் எந்தப் படத்திற்கும் 1952-ஆம் ஆண்டின் சினிமட்டோகிராஃப் சட்டப்படி சான்றிதழ் இருந்தாக வேண்டும். ஆவணப்படங்களும் இதில் அடங்கும். சுயாதீன இயக்குநர்களின் ஆவணப்படங்கள் பல சான்றிதழ் பெறாதவை என்பதால், இயக்குநரிடம் முதலில் இதைக் கேளுங்கள். அரங்கில் பொதுத் திரையிடல் நடத்துவது குறித்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் பதிவாளர் வழியாக ஒருமுறை விசாரித்துவிடுவது பாதுகாப்பு.

இந்த அலைச்சல் எல்லாம் எதற்கு என்று உங்கள் மாணவர்கள் கேட்டால், 'மார்த்தாண்ட வர்மா'வின் கதையைச் சொல்லுங்கள். திருவிதாங்கூர் வரலாற்றுப் புதினம் ஒன்றைத் தழுவி 1933-இல் வெளிவந்த மௌனப் படம் அது. புதினத்தின் வெளியீட்டு உரிமையை வைத்திருந்த பதிப்பகம் வழக்குத் தொடுத்ததால் படம் திரையிலிருந்து இறக்கப்பட்டு, அதன் பிரதி பதிப்பகத்தின் வசமே பல்லாண்டு முடங்கிக் கிடந்தது. 1974-இல் புனே காப்பகம் அதைப் பெற்றது. தென்னிந்திய மௌனப் படங்களில் எஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றுள் அதுவும் ஒன்று. தடையின்றி ஓடிய, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நம் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-இல் வந்த தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் பிரதியும் இல்லை.

அரங்கைப் பற்றி ஒரு சொல். ஒலியைச் சோதிக்கும்போது மின்விசிறிகள் அனைத்தையும் முழு வேகத்தில் ஓடவிட்டுச் சோதியுங்கள். பழைய படங்களின் உரையாடல் மெலிந்த ஒலியில் இருக்கும். காலி அரங்கில், விசிறி ஓடாத நேரத்தில் தெளிவாகக் கேட்பது, மக்கள் நிறைந்த மாலையில் பின்வரிசைக்குப் போய்ச் சேராது. எங்கள் சங்கத்தில் இதனாலேயே ஒரு படத்தைப் பாதியில் நிறுத்தியிருக்கிறோம்.

மறுமொழி 3: ஓய்வு பெற்ற அச்சுக்கோப்பாளர்

அம்மா, நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். முப்பத்தோரு ஆண்டுகள் அச்சகத்தில் எழுத்துக் கோத்தேன். மக்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வந்து திரும்பிப் போனவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பல்கலைக்கழகத்தில் பழைய அச்சு நூல்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் படித்து, இரண்டு பேருந்து மாறிப் போனேன். வாயிற்காவலர் பதிவேட்டைத் திறந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். புத்தகங்களைப் பார்க்க வேண்டும் என்றேன். அந்தப் பதிவேட்டில் பெயர், ஊர், கைப்பேசி எண், சந்திக்க வந்த நபர் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. நான்காவது கட்டத்தில் எழுத என்னிடம் பெயர் இல்லை. காவலர் நல்ல மனிதர்தான்; உள்ளே தொலைபேசியில் கேட்டுப் பார்த்தார், எவரும் எடுக்கவில்லை. அரை மணி நேரம் புளியமரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். 'அனைவரும் வருக' என்பது வாயிற்காவலருக்கு வரும் சுற்றறிக்கையில் இல்லாவிட்டால், அழைப்பிதழில் இருந்து என்ன பயன், அம்மா?

நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். முற்பகல் 11 மணிக்குக் கடை வைத்திருப்பவர், தையல் தைப்பவர், பள்ளி ஆசிரியர் ஒருவரும் வர இயலாது. மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்தால், கடைசிப் பேருந்தைப் பிடிக்கலாம். உள்ளே முதன்மை வாயிலிலிருந்து அரங்கம் எவ்வளவு தூரம் என்பதும் எங்களைப் போன்ற வயதானவர்களுக்கு ஒரு கேள்வி.

சொற்பொழிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் 1946–47-இல் ஆற்றிய அறக்கட்டளை உரைகள், சுமத்ராவின் ஸ்ரீவிஜயப் பேரரசின் வரலாறாக 1949-இல் நூலானதை, அச்சகத்தில் எனக்குத் தொழில் கற்பித்த பெரியவர் பெருமையோடு சொல்வார். அறக்கட்டளைப் பேச்சு என்றால் பேசியவர் அதற்காகவே உழைத்திருப்பார், அது அச்சிலும் நிலைக்கும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். உங்கள் பேச்சாளரின் உரையையும் சிறு நூலாக்கி, வருபவர் கையில் கொடுங்கள்.

தமிழ் அச்சைப் பற்றியது என்பதால் கேட்கிறேன்: ஈய எழுத்தை யாராவது காட்டப் போகிறீர்களா? 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும் முன்பு, லை, னை போன்ற எழுத்துகளுக்கு மேலே துதிக்கை சுழித்த வடிவில் தனி அச்சு இருந்தது. அவற்றில் ஒரு கைப்பிடியும், எழுத்துகளை வரிசையாக அடுக்கிக் கோக்க நான் கையில் பிடித்த கம்போசிங் ஸ்டிக் என்ற சட்டமும் இன்னும் என் வீட்டில் இருக்கின்றன.

கேள்வி கேட்டவர்: வரலாற்றுத்துறை ஆசிரியை

மூவருக்கும் என் நன்றி. இன்று காலை துறைக் கூட்டத்தில் உங்கள் மறுமொழிகளை அப்படியே வாசித்தேன். உருப்படிகளை பதினாறாகக் குறைத்துவிட்டோம். ஆவணப்பட இயக்குநரிடம் பேசியபோது சான்றிதழ் பெறவில்லை என்றார். எனவே அதை முதல்நாள் மாணவர்களுக்கு மட்டுமான அமர்வுக்கு மாற்றிவிட்டு, பொதுத் திரையிடலுக்குப் பழைய படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு புனேக்குக் கடிதம் எழுதுகிறோம். சொற்பொழிவு மாலை ஐந்தரைக்கு. அந்த மூன்று நாளும் பதிவேட்டின் நான்காவது கட்டத்தில் 'கண்காட்சி' என்று எழுதினால் போதும் எனப் பதிவாளரிடம் ஆணை கேட்டிருக்கிறேன்; இரண்டு மாணவர்கள் வாயிலிலேயே இருப்பார்கள்.

அச்சுக்கோப்பாளர் ஐயாவுக்கு: தாங்கள் மூன்று நாளும் எங்களோடு இருந்து, வருபவர்களின் பெயரை அவர்கள் கண்முன்னே கோத்துக் காட்ட இயலுமா? கண்ணாடிப் பெட்டிகளுக்கு அருகிலேயே தங்களுக்கு இடம் ஒதுக்குகிறோம். பேருந்துச் செலவும் மதிப்பூதியமும் துறையின் பொறுப்பு.

மறுமொழி 4: ஓய்வு பெற்ற அச்சுக்கோப்பாளர்

வருகிறேன், அம்மா. இடுப்பு உயரத்திற்குச் சற்று மேலே, சரிவாக நிறுத்தக்கூடிய மேசை ஒன்று வேண்டும்; நின்றுகொண்டுதான் எங்களுக்குக் கோத்துப் பழக்கம். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் நல்லது, ஆனால் சுவடிக்காரர் ஐம்பது லக்ஸ் என்று சொல்லியிருப்பதால், என் மேசையை அவருடைய பெட்டிகளிலிருந்து தள்ளி, வாசல் பக்கமே போட்டுவிடுங்கள். எழுத்துகளில் ழகரம் நான்குதான் மிஞ்சியிருக்கிறது. வேறு பழைய அச்சகத்தில் கிடைக்குமா என்று இந்த வாரமே விசாரிக்கிறேன்.