புதுப்பிப்பு: களிக்கு மாறியும் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை – மூன்று மாதத்துக்குப் பிறகு

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பாலக்கோட்டில் இருக்கும் அப்பா, வயது 62, இன்சுலின் போடுகிறார். சோற்றை விட்டு இருவேளையும் ராகிக் களி சாப்பிட்டும், சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 260க்குக் கீழே வரவில்லை என்று கேட்டிருந்தேன்.

பலித்தது, "களியும் மாவுச்சத்துதான், உருண்டையைப் பாதியாக்குங்கள்" என்ற யோசனை. இரண்டு உருண்டை ஒன்றானது. முதலில் கீரைக் கடைசலும் அவரைக்காய்ப் பொரியலும், அப்புறம் களி. சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடை. இப்போது 170, 180தான். மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 8.9லிருந்து 7.6 ஆனது. ரத்தத்தில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடும் இறங்கியது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் மட்டும் அசையவில்லை. இதயப் பாதுகாப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரை தொடர்கிறது.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. சாப்பாட்டைக் குறைத்தோம், இன்சுலின் பழைய அளவிலேயே இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு மாலை அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. குளுக்கோமீட்டரில் 58. பயந்துபோனேன். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தோம். 15 நிமிடத்தில் 94. மறுநாள் டாக்டர் யூனிட்டைக் குறைத்தார். இன்சுலின் போடுபவர்கள் உணவை மாற்றும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மாம்பழம் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: களி இல்லாத வேளையில் இரண்டு துண்டு கொடுத்துப் பார்த்தோம், அப்பாவுக்குப் பெரிதாக ஏறவில்லை.