அவசரம்: சுவீடன் பக்கம் காட்டில் டென்ட் போட 5 டிகிரி ஸ்லீப்பிங் பேக் போதுமா?

மழைக்காகம்:
வணக்கம் நண்பர்களே. செப்டம்பரில் ஸ்காண்டிநேவியா போகிறோம். ஓட்டல் கட்டுப்படியாகாது, அதனால் வெட்டவெளியில் டென்ட் போட்டுத் தங்கத் திட்டம். அங்கே எங்கே வேண்டுமானாலும் டென்ட் போடலாமாமே, நிஜமா? 5 டிகிரி ஸ்லீப்பிங் பேக் இருக்கிறது, போதுமா? நெருப்பு மூட்டலாமா? கரடி வருமா? டிக்கெட் இன்று இரவுக்குள் போட வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

உப்புமா_பயணி:
எந்த நாடு? எந்த வாரம்? எத்தனை பேர்? காரா, நடையா?

விசா_விக்கி:
அதெல்லாம் அப்புறம். முதலில் விசா எடுத்தாச்சா? பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள். காட்டில் படுத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுத்தால் கதை கந்தல். காப்பீடும் 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

மலைமுகடு:
வருடா வருடம் இதே கேள்வி. தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. சரி, ஒருமுறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஸ்காண்டிநேவியா முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாது. டென்மார்க்கில் நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க முடியாது, அதற்கென்று ஒதுக்கிய காடுகளில் மட்டும்தான். நார்வேயில் 1957ஆம் வருடச் சட்டம்: ஆள் இருக்கும் வீட்டிலிருந்தும் கேபினிலிருந்தும் 150 மீட்டர் தள்ளி, அனுமதி கேட்காமல் ஒரே இடத்தில் இரண்டு இரவு. உயர்ந்த மலையிலும் ஊரைவிட்டுத் தொலைவிலும் அந்த இரண்டு இரவுக் கணக்கு இல்லை. சுவீடனில் மீட்டர் கணக்கு கிடையாது. வீட்டுப் பக்கம் போகாமல், பயிரை மிதிக்காமல் ஓரிரு இரவு தங்கலாம். ஆனால் தேசியப் பூங்கா என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி விதி. இவ்வளவுதான் விஷயம்.

ஒஸ்லோ_அண்ணை:
தம்பி, நெருப்பைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. நோர்வேயில் ஏப்ரல் 15 தொடக்கம் செப்டம்பர் 15 வரை காட்டுக்குள்ளும் காட்டுக்குக் கிட்டவும் நெருப்பு மூட்ட ஏலாது. சுவீடனில் அப்படி நிரந்தரத் தடை இல்லை, வரட்சி நேரத்தில் அந்தந்தப் பகுதிக்குத் தடை போடுவினம், போக முதல் பாருங்கோ. பாறைக்கு மேல் மூட்டக் கூடாது, வெடித்துப்போகும். கரடிக்குப் பயப்படாதேங்கோ, ஆள் சத்தம் கேட்டாலே அது விலகிவிடும். ஈரமும் காற்றும்தான் ஆளைக் கொல்லும். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி நனைந்தால் லேசில் காயாது. உள்ளுக்குக் கம்பளி போடுங்கோ. சப்பாத்துக்குள் போட மாற்றுக் காலுறையும் வேணும்.

மழைக்காகம்:
மூனிச்சில் வேலை பார்க்கிறேன், விசா பிரச்சினை இல்லை. இரண்டு பேர், நடைதான். வடக்கு சுவீடனில் கிருனா வரை விமானம், அப்புறம் அபிஸ்கோவிலிருந்து குங்ஸ்லேடன் என்ற மலை நடைபாதையில் நிக்கலுவோக்தா வரை. 21ஆம் தேதி தொடக்கம்.

லுண்ட்காரி:
ஐயோ, இதை அல்லவா முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்! ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே போய் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நடக்கப் போகிறீர்கள்.

தேதிதான் சிக்கல். அந்தப் பாதையில் உள்ள குடில்கள் கோடை சீசனை முடித்துச் செப்டம்பர் 20ஐ ஒட்டி மூடத் தொடங்கிவிடும். அலெஸ்யாவ்ரே, செல்கா குடில்களில் சாப்பாட்டுச் சாமான் விற்பார்கள், சீசன் முடிந்தால் அதுவும் போச்சு. முழுச் சாப்பாட்டையும் முதுகில் சுமக்க வேண்டும். நிக்கலுவோக்தாவிலிருந்து கிருனா வர பஸ் இருக்கிறதா என்று டிக்கெட் போடும் முன்பே பாருங்கள். ஆள் இல்லாத காலத்தில் குடில்களில் ஓர் அவசர அறை திறந்திருக்கும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். செக்ட்யா கணவாய் 1,100 மீட்டருக்கு மேலே, அந்த வாரத்தில் அங்கே பனி விழலாம்.

இன்னொன்று, தொடக்கத்தில் அபிஸ்கோ தேசியப் பூங்கா வருகிறது. அதற்குள் குறித்த இடங்களில் மட்டும்தான் டென்ட். பூங்காவைத் தாண்டிய பிறகு சுதந்திரம்.

ஸ்லீப்பிங் பேக் விஷயத்துக்கு வருகிறேன். 5 டிகிரி என்பது கம்ஃபர்ட்டா, லிமிட்டா? லேபிளில் இரண்டும் இருக்கும். கம்ஃபர்ட் என்பது நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர், லிமிட் என்பது உடம்பைச் சுருட்டிக்கொண்டு இரவைத் தள்ளும் எல்லை. கம்ஃபர்ட் எண் சைபருக்குக் கீழே இருக்கிற பையாகப் பாருங்கள். அடியில் விரிக்கும் மேட் எது? அது மெல்லியதாக இருந்தால் எந்தப் பையும் உதவாது.

ஸ்பிரிட்_சாமி:
அடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லையே. டிராங்கியா ஸ்பிரிட் அடுப்பு வாங்குங்கள், சுவீடன்காரன் தயாரிப்பு, கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. கேஸ் டப்பா குளிரில் படுத்துவிடும்.

உப்புமா_பயணி:
எந்த கேஸ்? சாதா பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, சரி. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த டப்பா மைனஸ் 10இலும் எரியும். உங்கள் ஸ்பிரிட்டோ அதே எடைக்கு கேஸ் தரும் சூட்டில் பாதிக்குச் சற்று மேலேதான் தரும். அத்தனை நாளுக்கு யார் சுமப்பது?

ஸ்பிரிட்_சாமி:
பெட்ரோல் பங்கில்கூடக் கிடைக்கிற எரிபொருள் ஐயா. உங்கள் டப்பா பாதியில் தீர்ந்தால் என்ன செய்வீர்கள், ஊதுவீர்களா?

உப்புமா_பயணி:
கணவாய்க் காற்றில் உங்கள் ஸ்பிரிட்டில் ரவை வேகிறதுக்குள் மத்தியானம் ஆகிவிடும்.

மலைமுகடு:
இரண்டு பேரும் தனியாகப் போய்ச் சண்டை போடுங்கள். எந்த அடுப்பானாலும் கேஸ் டப்பாவையும் ஸ்பிரிட்டையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், செக்-இன் பையிலும் கூடாது. கிருனாவிலோ அபிஸ்கோவிலோ வாங்க வேண்டும். பழைய அடுப்பு என்றால் எண்ணெய் வாடை போகக் கழுவிக்கொண்டு போங்கள்.

ஒஸ்லோ_அண்ணை:
தம்பி, தேதியை மாற்ற ஏலுமெண்டால் செப்டம்பர் முதல் பாதிக்குள் போய்விட்டு வாங்கோ. இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாய் மாறுகிற நேரம், நுளம்பும் அடங்கியிருக்கும், இரவில் வானம் தெளிவாக இருந்தால் துருவ ஒளியும் தெரியும்.

விசா_விக்கி:
ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு செல்லும் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காகம்:
5ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சு. பை வாடகைக்கு எடுக்கிறோம். எல்லோருக்கும் நன்றி. விமானத்தில் கேஸ் டப்பா கொண்டு போகலாம்தானே?

மலைமுகடு:
மேலே படியுங்கள்.

லுண்ட்காரி:
கொண்டு போக முடியாது, அங்கே போய் வாங்குங்கள். மேட் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லையே?