சுயசான்று அனுமதியில் கட்டும் வீட்டின் உறுதியை யார் சரிபார்ப்பது?

கேள்வி: குளச்சல் வாசி

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டக் கடலோர ஊரான குளச்சலில், உப்புக்காற்று நேராக வந்து அடிக்கும் மனையொன்றில் கீழ்த்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். உரிமையாளரே விதிப்படி கட்டுவதாக உறுதிகூறி விண்ணப்பிக்கும் சுயசான்று முறையைத் தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. அதன்படி, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. பணிநிறைவுச் சான்றும் தேவையில்லை. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் அடித்தளம் முதல் மேல்தள வார்ப்பு வரை எவரும் வந்து பார்க்கப்போவதில்லை என்றால், உறுதிக்கு யார் பொறுப்பு? விதியில் எதை மாற்றவேண்டும்?

பதில்: நாகர்கோவில் பொறியாளர்

ஐயா, நம்மிடம் குறைவாக இருப்பது விதி அல்ல, அதைக் களத்தில் பார்க்கும் கண். கடற்காற்று படும் கான்கிரீட்டுக்கு எம்30 என்ற வலுவான கலவைத் தரமும், கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடலும் வேண்டும் என்று ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி தெளிவாகவே சொல்கிறது. இங்கோ, கடலோரம், உள்நாடு என்ற வேறுபாடின்றி அதைவிட வலுக்குறைந்த எம்20 கலவையே போடப்படுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அந்த மூடலுக்காகக் கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கட்டையான கவர் பிளாக் வைக்கவேண்டிய இடத்தில் ஜல்லித் துண்டு முட்டுக்கொடுக்கப்பட்டிருக்கும். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓடும்போது அது நழுவி, கம்பி வார்ப்புப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உப்பு உள்ளே இறங்கி, துருவேறிய கம்பி பருத்து, சில ஆண்டுகளிலேயே சீலிங் பெயர்ந்து விழும். வார்ப்பு முடிந்தபின் எந்த அதிகாரி வந்தாலும் இதைக் காணமுடியாது. ஆகவே அடித்தளக் கம்பி கட்டியதும் ஒரு முறை, ஒவ்வொரு தள வார்ப்புக்கும் முன் ஒரு முறை, ஒப்பந்ததாரரைச் சாராத பொறியாளர் பார்த்து, படத்துடன் பதிவேற்றிய பிறகே கான்கிரீட் போடலாம் என்று சுயசான்று விதியிலேயே சேர்க்கவேண்டும்.

பதில்: மார்த்தாண்டம் ஒப்பந்ததாரர்

அண்ணாச்சி சொல்வது நியாயம். ஆனால் நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை விட்ட நாளில் வார்க்கவேண்டியிருக்கும்போது ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கிடக்க முடியாது. பதிவேற்றிய இரண்டு நாளுக்குள் ஆட்சேபணை வராவிட்டால் வேலையைத் தொடரலாம் என்ற ஏற்பாடும் கூடவே வேண்டும். சதுர அடிக் கணக்கில் விலையை அடித்துக் குறைத்துவிட்டுத் தரத்தை எதிர்பார்க்கும் உரிமையாளர்களும் இதில் பங்காளிகள்தான்.

பதில்: லண்டனில் பணிபுரியும் கருங்கல்காரர்

2017 ஜூனில் இங்குள்ள கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பில் எரிந்த தீயில் 72 பேர் இறந்தபின், இங்கு 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் குறைந்தது 18 மீட்டர் உயரமோ ஏழு தளங்களோ கொண்ட குடியிருப்புகளுக்கு, வேலை தொடங்கும் முன்னும் குடியேறும் முன்னும் ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் கட்டாயம். வேலை தொடங்கும் முன் தரவேண்டிய ஒப்புதலுக்கு அந்த அமைப்புக்கு விதித்த பன்னிரண்டு வாரக் கெடு பல கட்டுமானங்களில் தாண்டிப்போய்விட்டது; ஆய்வாளர்களை நியமிக்காமல் விதியை மட்டும் கூட்டினால் நம் ஊரிலும் இதுவே நடக்கும்.

பதில்: நாகர்கோவில் பொறியாளர்

இரண்டு நாள் கெடுவை நானும் ஏற்கிறேன். 2014இல் சென்னை மௌலிவாக்கத்தில் இடிந்து 61 உயிர்களைப் பறித்த பதினொரு மாடிக் கட்டடத்துக்கும் திட்ட அனுமதி இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. விதி மாறும்வரை, குளச்சல் நண்பர் தம் ஒப்பந்தப் பத்திரத்திலேயே மூன்றை எழுதிக்கொள்ளட்டும்: 45 மில்லிமீட்டர் கவர் பிளாக், ஒவ்வொரு வார்ப்பிலும் எடுத்த கியூப்களின், அதாவது கான்கிரீட் கனசதுர மாதிரிகளின், 28ஆம் நாள் வலிமைச் சோதனை முடிவு, தாங்கல்களுக்கிடையே நாலரை மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள ஸ்லாபுக்கு 14 நாளுக்கு முன் முட்டுக்கால்களைப் பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனை. சோதனை முடிவு கைக்கு வந்தபின் அந்தத் தவணைப் பணத்தைக் கொடுத்தால் போதும்.