அரியோல்: ‘வலைக்கண்’ போதாதா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இலையில் நரம்புகளுக்கு நடுவே அடைபடும் மிகச் சிறிய பரப்பை ஆங்கிலத்தில் அரியோல் (areole) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘சிற்றறை’ என்று வைக்கலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சூலகத்தின் உட்பிரிவை ஏற்கெனவே அறை என்கிறோம். வெண்டைக்காயை நறுக்கிக் காட்டி ‘ஐந்து அறை’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இலைக்கும் அறை என்றால் மாணவர் திணறுவார்கள். அதோடு, அறை என்றதும் சுவரும் கூரையும் நினைவுக்கு வரும். இதுவோ தட்டையான பரப்பு. லத்தீன் மூலத்திலும் சிறிய திறந்தவெளி என்றுதான் பொருள்.

பொருளைப் பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம். அரசிலையைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, சதை அழுகியதும் மெதுவாக அலசினால், சல்லாத் துணி மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுநரம்பு, அதிலிருந்து பக்க நரம்புகள், அவற்றை இணைக்கும் மெல்லிய இழைகள். கடைசியில், நாலைந்து பக்கங்களோடு கோணல்மாணலாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். நரம்புகள் சூழ்ந்த மிகச் சிறிய இந்தப் பரப்புதான் அரியோல். 1973இல் தாவரவியலாளர் லியோ ஹிக்கி இருவித்திலைத் தாவர இலைகளை வகைப்படுத்தியபோது இதையும் ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

இந்த அமைப்பை நம் பாடநூல்கள் ‘வலைப்பின்னல் நரம்பமைவு’ என்கின்றன. வலை என்று ஒப்புக்கொண்டாயிற்று. வலையின் ஓட்டைக்குத் தமிழில் என்ன பெயர்? கண். சல்லடைக்கும் அதே சொல்தான். சின்னக் கண், பெரிய கண் என்று வலையைப் பிரித்துச் சொல்கிறோமே, அதே பேச்சு இலைக்கும் அப்படியே பொருந்துகிறது. உவமையும் மேலோட்டமானதல்ல. புழு கடித்து ஒரு நரம்பு அறுந்தாலும், கண்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் தண்ணீர் சுற்றுவழியில் போய்ச் சேரும்.

ஒரு தடை உண்டு. கரும்பிலும் உருளைக்கிழங்கிலும் முளைவிடும் இடத்தையும் கண் என்கிறோம். அதனால் வெறும் ‘கண்’ கூடாது, ‘வலைக்கண்’ என்றே வைக்கலாம். ‘இலைநரம்பு வலைக்கண்’ என்று நீட்டத் தேவையில்லை. ‘வலைக்கண் அமைவு’, ‘வலைக்கண் அளவு’ என்று அடுத்த சொற்களும் இழுபறி இல்லாமல் பிறக்கின்றன. வலை நரம்பை இருவித்திலைத் தாவரங்களோடு சேர்த்தே சொல்வது வழக்கம் என்றாலும், சொல்லில் ‘இருவித்திலை’ என்று எதையும் ஒட்டவைக்காததும் நல்லதுதான்; டயாஸ்கோரியா என்ற பேரினத்து வள்ளிக்கொடிகள் ஒருவித்திலைத் தாவரங்கள், ஆனாலும் அவற்றின் இலையில் வலை உண்டு.

அப்புறம், பல இலைகளில் வலைக்கண்ணுக்குள்ளே ஓர் நரம்பிழை நுழைந்து, எதோடும் சேராமல் பாதியிலேயே நின்றுவிடும். முட்டுச்சந்து போல. அதற்கும் ஒரு பெயர் வேண்டுமே என்று முதலில் ‘முட்டு நரம்பு’ என எழுதிப் பார்த்தேன். முட்டுக்கொடுக்கிற நரம்பு என்று புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. ‘முட்டுமுனை நரம்பு’ சற்று நீளம்; ஆனால் பொருள் பிசகாது. இதைவிடச் சிக்கனமான சொல் இருந்தால் என்னுடையதை விட்டுவிடத் தயார்.

வலைக்கண்ணை அவ்வளவு எளிதில் விடமாட்டேன். கடலோர ஊர்க்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பக்கம் மீன்வலையின் கண்ணுக்கு வேறு பெயர் வழங்கினால் எழுதுங்கள்.

அன்புடன்