மறுமொழி: பேலஸ்ட் – நிலைப்பாரமா, சாய்சுமையா, இடுசுமையா?

அன்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் குழுவில் "பேலஸ்டுக்குத் (ballast) தமிழில் என்ன?" என்று ஒரே ஒரு வரிதான் கேட்டேன். படகு, கப்பல் போன்றவற்றில் ஒரு வேலைக்காக வேண்டுமென்றே ஏற்றும் எடைதான் பேலஸ்ட்; ஆங்கிலத்தில் தண்டவாளத்து ஜல்லிக்கும் குழல்விளக்குச் சோக்குக்கும்கூட அதே பெயர். பதினான்கு மடல்கள் வந்துவிட்டன. ரயில்வேயில் இருந்தவர், குழல்விளக்கு பழுதுபார்ப்பவர், இலக்கணம் கற்றவர் என்று எல்லோரும் பேசியாயிற்று. படகு வைத்திருப்பவன் மட்டும் வாய் திறக்கவில்லை. அது நான்தான், இப்போது திறக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவுக்காக வேக்சர்ஃபிங் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓடும் மோட்டார் படகுக்குப் பின்னால் எழும் அலையில், இழுகயிற்றையும் விட்டுவிட்டு, பலகைமேல் நின்று சறுக்கும் விளையாட்டு இது. கடல் வேண்டாம், ஏரியே போதும். நான் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் டிராவிஸ் ஏரி இருக்கிறது. நானும் இரண்டு நண்பர்களும் பங்கு போட்டு வாங்கிய பழைய 21 அடிப் படகு அங்கேதான் கிடக்கிறது. கட்டுரையில் பாதி வழி போனதும் பேலஸ்டில் முட்டிக்கொண்டு நின்றேன். இந்த விளையாட்டில் பாதி அதுதான். வெறும் படகு மணிக்கு 17, 18 கிலோமீட்டரில் போனால் பின்னால் வருவது அலையே இல்லை, சிணுங்கல். படகு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அந்த அளவுக்குத்தான் அலை எழும்பும். ஆகவே ஏரித் தண்ணீரையே பம்பு வைத்துப் படகுக்குள் ஏற்றி, அதை வேண்டுமென்றே அமுக்குகிறோம். அந்தத் தண்ணீருக்கும், அதைப் பிடித்து வைக்கும் பைகளுக்கும், சிலர் போடும் ஈயக்குண்டுப் பைகளுக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும்.

> நிலைப்பாரம் என்று வையுங்கள். கப்பல் நிலையாக நிற்பதற்கு ஏற்றும் பாரம். பொருள் தெளிவாக இருக்கிறது.

மதுரை ஐயா எழுதியது. கப்பலுக்கு இது சரி. சரக்கு இறக்கிய பாய்மரக் கப்பல் காற்றில் கவிழ்ந்துவிடாமலிருக்க, அடித்தளத்தில் கல்லும் மண்ணும் நிரப்பிக்கொண்டு போவார்கள். ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரத்தில் ஆற்றோரத் தெருவுக்குத் தளம் போட்டிருப்பதே அப்படிக் கப்பல்கள் கொண்டுவந்து கொட்டிய கற்களால்தான்.

ஆனால் ஐயா, எங்கள் படகில் நாங்கள் செய்வது நேர் எதிர். இடப்பக்கம் அலை வேண்டுமானால் இடப்பக்கப் பின்மூலையில் 340 கிலோ தண்ணீரைக் கொண்டுபோய் வைக்கிறோம். நன்றாக நிற்கும் படகை ஒருக்களித்துப் படுக்க வைக்கிறோம். நிலையைக் கெடுக்க ஏற்றும் சுமைக்கு நிலைப்பாரம் என்று எப்படிப் பெயர் வைப்பது? படிக்கிற பிள்ளை, "ஓ, படகு ஆடாமல் இருக்க இது" என்று நினைத்துக்கொள்ளும்.

> அப்ப சாய்சுமை எண்டு வையுங்கோவன். படகைச் சாய்க்கத்தானே போடுறியள்?

ரொறன்ரோ அக்காவின் யோசனை. படித்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. இரண்டு நாள் வரைவில் அதையே போட்டும் வைத்திருந்தேன். அப்புறம்தான் இடித்தது. சாய்ப்பது பழைய முறை, அக்கா. 2013 மாடல் படகுகளில் மலிபு நிறுவனம் சர்ஃப் கேட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. படகின் பின்விளிம்பில் இரு பக்கமும் கதவு மாதிரி ஒரு தகடு. இடப்பக்கம் அலை வேண்டுமானால் வலப்பக்கத் தகடு வெளியே விரியும். அந்தப் பக்கத்துத் தண்ணீர் சுற்றிக்கொண்டு வந்து சேரத் தாமதமாகிறது, அதனால் இடப்பக்கத்து அலை கலையாமல் சுத்தமாக எழுகிறது. மற்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு விதமாக இதைச் செய்துவிட்டன. இப்படிப்பட்ட படகில் தண்ணீரை இரண்டு பக்கமும் சரிசமமாக ஏற்றுவார்கள். படகு சாயவே சாயாது, தாழும், அவ்வளவுதான். சாய்சுமை என்ற பெயர் அங்கே அந்தரத்தில் நிற்கும்.

இலக்கணக்காரர்கள் மன்னிக்க வேண்டும், இங்கே நமக்கு நேர்ந்திருப்பது இதுதான்: காரணப்பெயர் வைக்கப் பார்க்கிறோம், காரணமோ இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பலில் பேலஸ்ட் தொட்டி மூழ்கவும் மேலே வரவும் உதவுகிறது. வாயு பலூனில் மணல் மூட்டையைக் கொண்டுபோவதே, உயரே ஏற வேண்டியபோது கொட்டிவிடுவதற்காக. போட்டிக்குப் போகும் கிளைடர் விமானத்தின் இறக்கையில் தண்ணீர் நிரப்புவார்கள், வேகம் கிடைக்கும் என்று. தரையிறங்கும் முன் வானத்திலேயே கொட்டிவிடுவார்கள். நிற்க, சாய, மூழ்க, ஏற, விரைய என்று ஐந்து காரணம் ஆயிற்று. எல்லாவற்றுக்கும் பொது என்ன? சரக்கும் இல்லை, பயணியும் இல்லை. வண்டியின் உடம்பும் இல்லை. ஒரு வேலைக்காக நாமே கொண்டுபோய் வைக்கும் எடை. வேலை முடிந்தால் எடுத்துவிடுவோம்.

அந்த "கொண்டுபோய் வைக்கும்" என்பதைத்தான் பிடித்துக்கொண்டேன். இடுசுமை. இட்ட சுமை, இடுகின்ற சுமை, இடும் சுமை. வினைத்தொகை ஆதலால் நடுவில் ஒற்று மிகாது. "இடுச்சுமை" என்று யாரும் திருத்தி அனுப்ப வேண்டாம். கிளைச்சொற்களும் தானாக வருகின்றன: தண்ணீரானால் இடுநீர், கல்லானால் இடுகல், பையானால் இடுபை, தொட்டியானால் இடுநீர்த் தொட்டி.

மற்ற மடல்களுக்கும் ஒரு வார்த்தை.

"நீர்ப்பொறை" என்று ஒருவர் எழுதியிருந்தார். பொறை என்றால் சுமை. குறளிலேயே "பொறையொருங்கு மேல்வருங்கால்" என்று வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்குப் பொறை என்றால் ஒருவருக்குப் பொறுமை நினைவுக்கு வரும், இன்னொருவருக்கு டீக்கடைக் கண்ணாடி ஜாடி நினைவுக்கு வரும். நான் இரண்டாவது கட்சி.

பேலஸ்ட் என்பதே நம் பாரத்திலிருந்து போன சொல் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். வட ஐரோப்பிய மாலுமிகளின் "பார்லாஸ்ட்", அதாவது சரக்கில்லாத வெறும் சுமை, என்பதிலிருந்து வந்ததாகத்தான் பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. அந்தப் "பார்" வெறுமையைக் குறிக்கிறது. நம்முடைய பாரமே வடமொழியிலிருந்து வந்தது. காதில் ஒன்றாக விழுவதெல்லாம் உறவாகிவிடாது.

தண்டவாளத்துக்கு ஜல்லி, குழல்விளக்குக்குச் சோக் என்று ஏற்கெனவே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே பெயர் என்பது அவர்கள் வீட்டுச் சங்கதி. ஜல்லி என்றால் கேங்மேனுக்கும் புரிகிறது, எனக்கும் புரிகிறது. அதை ஏன் கெடுப்பானேன்? இடுசுமை மிதப்பதற்கும் பறப்பதற்கும் மட்டும் இருக்கட்டும்.

"பேலஸ்ட் என்றே எழுதினால் என்ன?" என்ற கேள்விக்கு: எழுதலாம். ஆனால் பேலஸ்ட் நீர், பேலஸ்ட் பை, பேலஸ்ட் ஏற்று, பேலஸ்ட் இறக்கு என்று பத்தாவது தடவை தட்டச்சும்போது விரலே முணுமுணுக்கிறது.

சொல் நிற்குமா என்று பார்க்க, அதைப் போட்டு எழுதிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வரைவிலிருந்து ஒரு பகுதி கீழே. அணியம் என்பது கடற்கரையில் படகின் முன்பகுதிக்கு வழங்கும் பெயர்; உயிரோடு இருக்கும் சொல், அதனால் எடுத்துக்கொண்டேன்.

"தகடு இல்லாத படகில், அலை வேண்டிய பக்கத்துப் பின்மூலையில் முதலில் இடுசுமையை ஏற்ற வேண்டும். இடது காலை முன்வைத்து நிற்பவருக்கு இடப்பக்கமும், வலது காலை முன்வைப்பவருக்கு வலப்பக்கமும் பொருந்தும். அப்போதுதான் அவர் முகம் அலையைப் பார்த்திருக்கும். பின்னால் இடுசுமை கூடக்கூட அலை உயரும், செங்குத்தாகும். ஆனால் நீளம் குறைந்து, சறுக்குபவர் படகின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிவரும். அப்போது அணியத்தில் கொஞ்சம் இடுநீர் ஏற்றினால் அலை நீளும். அணியத்தில் அளவு மீறினால் உயரம் போய்விடும். அதைவிட மோசம், படகு திடீரென வேகம் குறைக்கும்போது முன்பக்கம் தண்ணீரை அள்ளிவிடும். பின்னால் ஆறு பங்கு, முன்னால் நான்கு பங்கு என்று தொடங்கி, பிறகு சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்பது நல்லது. அலையின் உச்சி நுரைத்து உதிர்ந்தால் இடுசுமையைத் தொடும் முன் வேகத்தைச் சற்றுக் கூட்டிப் பார்க்க வேண்டும். வேகம் கூடினால் அலை நீண்டு, தணிந்து, சுத்தமாகும். குறைந்தால் செங்குத்தாகிக் கலையும்."

எனக்குத் தடங்கலில்லாமல் ஓடுகிறது. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் எனக்கே இடறியது. ஆட்களும் எடைதான். எங்கள் படகில் நன்றாகச் சாப்பிடும் மாமா ஒருவர் வருவார். அவர் இடப்பக்க இருக்கையிலிருந்து எழுந்து குளிர்பெட்டிக்குப் போனால் பின்னால் அலை சட்டென்று சுருங்கும், சறுக்குகிறவன் அங்கிருந்து கத்துவான், "மாமா, உக்காருங்க!" அவரை இடுசுமை என்று சொல்ல முடியுமா? அவரை யாரும் இடவில்லை, அவராகத்தான் வந்து உட்கார்ந்தார். கட்டுரையில் "ஆள்சுமை" என்று தனியாக எழுதிவிட்டேன். ஆனால் படகிலுள்ள கொள்ளளவுத் தகட்டில் சொல்லியிருக்கும் எடை வரம்பைப் பார்க்கும்போது இடுசுமை, ஆள்சுமை இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். இதை மட்டும் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்.

இடுநீர் என்ற சொல்லுக்கு விளையாட்டைத் தாண்டியும் வேலை இருக்கிறது. ஒரு துறைமுகத்தில் ஏற்றிய இடுநீரைக் கப்பல் இன்னொரு துறைமுகத்தில் கொட்டும்போது, அதில் இருக்கும் உயிரினங்களும் சேர்ந்து இறங்கிவிடுகின்றன. கருங்கடல், காஸ்பியன் பக்கத்து வரிக்குதிரை மட்டி 1980களில் வட அமெரிக்கப் பேரேரிகளுக்கு வந்தது அப்படித்தான். இடுநீரைக் கையாள்வதற்கென்றே 2004-இல் ஒரு பன்னாட்டு உடன்படிக்கை ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே 2017-இல் எங்கள் டிராவிஸ் ஏரியிலும் அந்த மட்டியைக் கண்டுபிடித்தார்கள். ஏரியை விட்டுக் கிளம்பும் முன் படகிலுள்ள தண்ணீரையெல்லாம் வடித்துவிட வேண்டும் என்பது டெக்சாஸில் சட்டம். வெர்மான்ட் மாநிலம் 2024-இல் கொண்டுவந்த விதியில், வேக்சர்ஃபிங் படகுகள் கரையிலிருந்து 500 அடி தள்ளி, 20 அடி ஆழமாவது உள்ள இடத்தில்தான் அலை எழுப்பலாம். இடுநீர்த் தொட்டியின் அடியில் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும் என்பதால், ஒரு படகு வழக்கமாக ஓட ஒரே ஓர் ஏரி என்றும் வரையறுத்திருக்கிறார்கள். கப்பலுக்கு நிலைப்பாரநீர், விளையாட்டுப் படகுக்குச் சாய்நீர் என்று பிரித்து வைத்தால், ஒரே மட்டியைப் பற்றி எழுத இரண்டு சொல் தேவைப்படும்.

நானே ஒருமுறை ஒரு பையை வடிக்க மறந்து படகை டிரெய்லரில் ஏற்றினேன். 340 லிட்டர். கரைச்சரிவில் வண்டியின் பின்சக்கரம் வழுக்கி, இரண்டு சாண் பின்னால் போய் நின்றது. பின்னால் நின்ற வரிசையே வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து "இடுநீர் இறக்கியாச்சா?" என்ற கேள்வி எங்கள் படகில் பேச்சுவழக்காகிவிட்டது. ஆக, இந்தச் சொல் குழுவுக்கு வரும் முன்பே ஒரு கோடைகாலம் புழங்கியிருக்கிறது.

இடுகாடு நினைவுக்கு வருகிறது என்று யாராவது எழுதுவீர்கள். ஊரில் உர மூட்டை வாங்கும்போது இடுபொருள் என்கிறோமே, யாருக்காவது சுடலை நினைவு வந்ததா?

வேக் (wake, படகுக்குப் பின்னால் எழும் அலை) என்பதற்கு வந்த யோசனைகளைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். வேக்சர்ஃபிங்குக்கு மொழிபெயர்ப்பு எந்திரம் கொடுத்த "விழிப்பு உலாவல்" வேண்டவே வேண்டாம். "பின்னலை" நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "பின்னலைப் பிடித்துக்கொண்டு சறுக்கினான்" என்று எழுதினால் யாருடைய சடை என்று கேட்பார்கள். நான் "படகலை" பக்கம் சாய்கிறேன்.

இடுசுமைக்கு ஞாயிறு இரவுவரை மறுப்பு வராவிட்டால் கட்டுரையிலும் விக்சனரியிலும் ஏற்றிவிடுகிறேன். மதுரை ஐயா, நிலைப்பாரத்தை கப்பல் பற்றிய கட்டுரையில் மாற்றுச்சொல்லாக விட்டுவைக்கிறேன், கோபம் வேண்டாம்.

அன்புடன்,
ஆஸ்டினிலிருந்து