விசா ஜன்னலில் எந்த நாணயத்தை நீட்டுவது? எல்லை கடந்தவர்களின் அனுபவங்கள்

கோவையில் இருந்து

பாங்காக்கில் பஸ் பிடித்துத் தரைவழியாகக் கம்போடியா போய் அங்கோர் வாட் பார்த்த அனுபவம் இது. 2025-இல் இரண்டு நாடுகளுக்கும் சண்டை மூண்டு அந்தப் பக்கத்து எல்லைகள் மூடப்பட்டன. நான் சொல்வது அதற்கு முந்தைய காலம். ஆனால் இதே கணக்கு வேறு பல எல்லைகளிலும் நடக்கிறது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

கம்போடியாவின் சுற்றுலா விசா அப்போது 30 டாலர். 2014 வரை 20 ஆக இருந்து உயர்ந்தது. ஜன்னலுக்கு மேலே பலகையிலும் 30 டாலர் என்றே எழுதியிருந்தது. கீழே உட்கார்ந்திருந்தவரோ ஒரு துண்டுத் தாளில் 1,200 பாட் (தாய்லாந்து நாணயம்) என்று எழுதி நீட்டினார். அன்றைய மாற்று மதிப்பில் 30 டாலர் என்பது ஆயிரம் பாட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆளுக்கு நாலைந்து டாலர் கூடுதல். ஒரு பஸ் நிறைய ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அது எவ்வளவு ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்று பத்து டாலர் தாள்களை பாஸ்போர்ட்டோடு வைத்தேன். "டாலர் என்றால் கூட 100 பாட்" என்றார். "பலகையில் 30 என்று இருக்கிறதே சார், அந்த 100 பாட்டுக்கு ரசீது கிடைக்குமா?" என்று குரலை உயர்த்தாமல் கேட்டேன். பதில் இல்லை. பாஸ்போர்ட் ஓரமாகப் போனது. பின்னால் நின்ற குடும்பம் 1,200 கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கைக்குழந்தை, நல்ல வெயில், பஸ்காரர் வேறு கிளம்புகிறேன் என்று அவசரப்படுத்துகிறார். நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, பேச்சே இல்லாமல், விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்தது. கூடுதல் காசு கேட்கவில்லை. முன்னதாக ஒரே ஒரு தாளை மட்டும் திருப்பித் தந்தார்கள். ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கிழிசல். வேறு தாள் இருந்ததால் மாற்றிக் கொடுத்தேன்.

கம்போடியாவுக்கு ரியல் என்று சொந்த நாணயம் இருக்கும்போது ஏன் டாலர் என்று கேட்கலாம். 1975-இல் ஆட்சிக்கு வந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் பணத்தையே ஒழித்தது, மத்திய வங்கிக் கட்டடத்தையும் வெடி வைத்துத் தகர்த்தது. 1980-இல் ரியல் திரும்ப வந்தும் மக்களுக்கு அதன்மேல் நம்பிக்கை ஒட்டவில்லை. 1992, 93-இல் ஐ.நா. படையும் அதிகாரிகளும் வந்து இறங்கியபோது டாலர் வெள்ளமாகப் பாய்ந்தது. அப்புறம் ஏடிஎம்மிலேயே டாலர் வரும் நாடாகிவிட்டது. தாய்லாந்தை ஒட்டிய மாவட்டங்களில் மட்டும் அன்றாடப் புழக்கத்தில் பாட்டும் உண்டு. அதனால் பாட் கேட்பது அந்த இடத்துக்கு அன்னியமான விஷயம் இல்லை. எந்த மதிப்பில் கேட்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு. அச்சிட்ட கட்டணம் டாலரில் இருந்தால் டாலரிலேயே கொடுங்கள். வேறு நாணயத்துக்கு மாறிய அந்த நொடியில் விலையைச் சொல்லும் உரிமை எதிரே இருப்பவருக்குப் போய்விடுகிறது.

உங்களுக்கு எங்கே என்ன நடந்தது? எழுதுங்கள்.

பெங்களூரில் இருந்து

லாவோஸிலும் அதேதான் அண்ணா. தாய்லாந்தின் நோங் காய் பக்கம் மீகாங் நட்புப் பாலம் தாண்டி வியந்தியான் போனேன். அங்கே ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒரு கட்டணம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 40 டாலர், உடன் வந்த கனடாக்காரருக்கு 42. டாலரும் வாங்கினார்கள், பாட்டும் வாங்கினார்கள். பாட் என்றால் தாராளமாக மேல்நோக்கி முழுமையாக்கிய ஒரு தொகை. அவர்களுடைய சொந்த நாணயமான கிப்பை யாரும் கேட்கக்கூட இல்லை. சனிக்கிழமை என்பதால் கூடுதலாக ஒரு டாலர் அளவுக்கு வாங்கினார்கள். அதற்கு ரசீது தந்தார்கள், அதனால் எனக்கு வருத்தமில்லை.

தார் எஸ் சலாமில் இருந்து

வேலை நிமித்தம் கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவில் இருக்கிறேன். இங்கே வருகிற நம் ஆட்களை அதிகம் தவிக்க வைப்பது நோட்டில் உள்ள ஆண்டு. டாலர் தாளில் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஆண்டு அச்சிட்டிருக்கும், பாருங்கள். 2006-க்கு முந்தைய தாள் என்றால் கென்யாவிலும் தான்சானியாவிலும் பல இடங்களில் தொடமாட்டார்கள். அமெரிக்க அரசைக் கேட்டால் தான் அச்சிட்ட எல்லாத் தாளும் செல்லும் என்கிறது. அது அமெரிக்காவில் சரி. பழைய தாள்களில் கள்ள நோட்டு அதிகம் புழங்கிய ஊர்களில் கவுன்டரில் இருப்பவர் தன் கையைச் சுட்டுக்கொள்ள விரும்பமாட்டார்.

சென்னையில் இருந்து வந்த என் மாமாவும் மாமியும் நைரோபியில் விமானம் இறங்கி நமாங்கா எல்லை வழியாக சாலையில் தான்சானியா வந்தார்கள். விசா ஆளுக்கு 50 டாலர். மாமா பீரோவில் பல வருஷமாகப் பத்திரப்படுத்திய நூறு டாலர் தாளை எடுத்து நீட்ட, அது 1996 வரிசை. வாங்க மறுத்துவிட்டார்கள். மாமா கோபப்படவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. அந்தத் தாள் அமெரிக்காவில் இருக்கும் மகன் முதல் சம்பளத்தில் கொடுத்தது. பிறகு மாமியின் கைப்பையில் இருந்த புதிய தாள்களைக் கொடுத்து உள்ளே வந்தார்கள். பழைய தாளைத் திரும்ப ஊருக்கே கொண்டுபோனார்கள்.

இன்னொன்று. அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர்கள் கூட வந்தால் அவர்களுக்கு இங்கே 100 டாலர். ஒரே குடும்பத்தில் இரண்டு கட்டணம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாருங்கள்.

லண்டனில் இருந்து

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் பயணிப்பவள். விக்டோரியா நீர்வீழ்ச்சி பார்க்க சிம்பாப்வே போனபோது நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு ஒருமுறை நுழையும் விசா 55 டாலர், இருமுறை என்றால் 70. பாலத்தைத் தாண்டி சாம்பியாப் பக்கம் நின்று நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்றால் இருமுறை விசா வேண்டும், சாம்பியாவுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். இரண்டு நாட்டுக்கும் சேர்த்து காசா (KAZA) விசா என்று ஒன்று 2014-இல் வந்தது, அது 50 டாலர்தான். ஒரு நாட்டு விசாவை விட இரண்டு நாட்டு விசா மலிவு! ஆனால் பெயர் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும், அவர்களாக எடுத்துச் சொல்லவில்லை. சாம்பியா பிறகு 2022-இல் எங்களுக்கு விசாவையே நீக்கிவிட்டது, அதனால் இப்போது கணக்கு வேறு.

மாற்றுக் காசு சிம்பாப்வேயில் பெரிய பிரச்சினை. 2009-இல் சொந்த நாணயத்தைக் கைவிட்டு டாலருக்குப் போன நாடு அது, ஆனால் சில்லறைத் தாள் போதாது. புழக்கத்தில் இருந்த ஒரு டாலர் தாள்கள் துணிபோலத் துவண்டு கிடந்தன. முன்னால் நின்றவர் நூறு டாலரை நீட்டிவிட்டு மிச்சத்துக்காக நெடுநேரம் நின்றார். நான் காசா விசாவுக்குச் சரியாக ஐம்பதைக் கொடுத்தேன், உடனே முத்திரை விழுந்தது.

துபாயில் இருந்து

ஜோர்டான் எதிர்த்திசை. அம்மான் விமான நிலையத்தில் விசா 40 தினார், தினாரிலேயே கட்டச் சொன்னார்கள். தினார் டாலரை விடக் கனமான நாணயம். 40 தினார் என்றால் 56 டாலருக்கு மேல், எங்கள் கணக்கில் 200 திர்ஹாமைத் தாண்டும். அம்மாவும் நானும் பெட்ரா பார்க்கத்தான் போனோம், அதனால் ஜோர்டான் பாஸ் வாங்கியிருந்தோம். கிளம்பும் முன்பே அதை வாங்கி, குறைந்தது மூன்று இரவு தங்கினால் விசாக் கட்டணம் கிடையாது. பெட்ரா நுழைவும் அதிலேயே அடக்கம். கவுன்டரில் அதைக் காட்டினோம், பணம் மாற்றும் வரிசைக்கே போக வேண்டியிருக்கவில்லை.

திருச்சியில் இருந்து

அண்ணா, ஒரு சந்தேகம். டிசம்பரில் தான்சானியா போகிறோம், நாலு பேர். இங்கே பணம் மாற்றுபவர் எல்லாம் நூறு டாலர் தாளாகவே தருகிறேன் என்கிறார். வாங்கிவிடலாமா?

கோவையில் இருந்து

தம்பி, மொத்தமும் நூறாக வாங்காதீர்கள். இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்தால் ஐம்பது, இருபது, பத்து, ஒன்று எல்லாம் வரவழைத்துத் தருவார்கள். நூறு வாங்கினால் நீலப் பட்டை உள்ளதாகக் கேளுங்கள், அது 2013-இல் இருந்து வருகிற தாள். கவுன்டரை விட்டு நகரும் முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். பேனாக் கிறுக்கல், ரப்பர் ஸ்டாம்ப், கிழிசல், மடிப்பில் ஓட்டை இருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை தாளாகக் கொண்டுபோக அனுமதி உண்டு. 50,000 ரூபாய்க்குள் வாங்கினால் ரொக்கமாகவே கொடுக்கலாம். விசாவுக்கான 200 டாலரை மற்ற பணத்தோடு கலக்காமல் நாலு உறையில் ஐம்பது ஐம்பதாகப் போட்டு அவரவர் பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுங்கள். இ-விசா கிடைத்தால் அதையே முதலில் பாருங்கள், அரசுத் தளத்தில் மட்டும். விண்ணப்பத்தை எப்போது போடுவது என்பதை தார் எஸ் சலாம் நண்பர்தான் சொல்ல வேண்டும்.

தார் எஸ் சலாமில் இருந்து

ஒரு மாதம் முன்னாடியே போட்டுவிடுங்கள் தம்பி. அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து ஆளுக்கொரு பிரதி கையில் வைத்திருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த அட்டையையும் அதே உறையில் வைத்துவிடுங்கள்.